திரையில் காய்த்த சுரைக்காய்

(பள்ளி இலக்கிய மன்றங்களின் பொறுப்பாசிரியர்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தலைமையாசிரியர்களே, வாழ்த்துரை வழங்கி என் நேரத்தில் பத்து நிமிடத்தை அன்போடு எடுத்துக்கொண்ட சிறப்பு விருந்தினர் அவர்களே, மேடையில் இருப்போர் பெயரில் ஒன்றைக்கூட விடாமல் இரண்டு முறை சொல்லி முடித்த செயலாளர் அவர்களே, மொழியாசிரியப் பெருமக்களே, கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, அனைவருக்கும் வணக்கம். நூலகரை ஏன் தனியாகச் சொன்னேன் என்பது போகப்போக விளங்கும்.

மாணவர்களின் இலக்கிய ரசனைக்கும் எழுத்துப் பயிற்சிக்கும் திரைப்படம் எப்படி உதவும்? இதுதான் தலைப்பு. நான்கு செய்திகள் உண்டு. காட்சியை எழுதுவது, கதையை எங்கே தொடங்குவது, யார் கண்வழியே சொல்வது, உரையாடல்.

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று ஏட்டை மட்டும் திட்டிக்கொண்டே இருக்கிறோம். திரையில் காய்த்த சுரைக்காய் மட்டும் சட்டியில் விழுமா? படத்தைப் போட்டுக் காட்டிவிட்டு ‘கதைச் சுருக்கம் எழுதி வா’ என்றால், பிள்ளை ஒன்றரைப் பக்கத்தில் யார் யாரை மணந்தார், யார் செத்தார் என்று எழுதி வருவான். அதற்குப் படமும் வேண்டாம், பள்ளியும் வேண்டாம்.

முதலில் காட்சி. சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ 1955இல் வெளிவந்தது. விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் நாவலிலிருந்து எடுத்த படம். ஆனால் படப்பிடிப்பு தொடங்கியது 1952 அக்டோபரில். ராய் அப்போது விளம்பர நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். வார நாளில் அலுவலகம், விடுமுறையில் சினிமா. முதல் நாள் அவர் போய் நின்ற இடம், வெள்ளை வெளேரென்று நாணல் பூத்துக் கிடந்த ஒரு வெளி. சிறுவன் அப்பு தன் அக்கா துர்காவைத் தேடிக்கொண்டு அதற்குள் நடந்து வர வேண்டும். அவ்வளவுதான் காட்சி. பையனோ அணிவகுப்பில் வருகிறவன் மாதிரி விறைப்பாக நேரே நடந்து வருகிறான்! ‘தயக்கத்தோடு வாடா கண்ணா’ என்று அந்த வயதுப் பிள்ளையிடம் சொன்னால் தயக்கம் வருமா? ராய் என்ன செய்தார் தெரியுமா? வரும் வழியில் சுள்ளிகளைப் போட்டு வைத்தார், தாண்டித் தாண்டி வரட்டும் என்று. நாணலுக்குள் இங்கொருவர் அங்கொருவராக ஆட்களை ஒளித்து வைத்து, பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்படி அவர்களிடம் சொன்னார். குரல் கேட்டதும் பையன் நின்றான், திரும்பிப் பார்த்தான், மறுபடி நடந்தான். தேடுகிற பிள்ளையின் நடை அப்படியே வந்துவிட்டது.

பாதிக் காட்சிதான் முடிந்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகிறார்கள், நாணலைக் காணோம். இடம் மாறி வந்துவிட்டோமோ என்று பார்த்தால் அதே இடம்தான். இடையில் மாடுகள் வந்து மேய்ந்துவிட்டுப் போயிருந்தன! மறுபடி பூக்கும் பருவம்வரை காத்திருந்துதான் அந்தக் காட்சியை முடித்தார். மாட்டுக்கு ஏடும் ஒன்றுதான், சுரைக்காயும் ஒன்றுதான், உலக சினிமாவும் ஒன்றுதான்.

சிரித்தது போதும், சுள்ளிக்கு வருவோம். ‘அவன் தவிப்போடு தேடினான்’ என்று எழுதும் மாணவனிடம், ‘தவிப்பை அடித்துவிடு, வழியில் ஒரு சுள்ளியைப் போடு’ என்று சொல்லிப் பாருங்கள். பாத்திரத்தின் முன்னால் ஒரு தடையை வைத்தால், மனநிலை தானே நடையில் இறங்கிவிடும்.

இதை நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளையில் செய்யலாம். ஐந்து நிமிடத் துணுக்கை ஒலியில்லாமல் ஒரு முறை காட்டுங்கள். அப்போது யாரும் பேனாவைத் தொடக்கூடாது. பிறகு பன்னிரண்டு நிமிடம் எழுத்து. அதே துணுக்கு ஒலியோடு இன்னொரு முறை. பதினைந்து நிமிடம் திருத்தி எழுதுதல். மீதி எட்டு நிமிடத்தில் மூன்று பேர் வாசிக்கட்டும். ஒலியை முதலில் ஏன் நிறுத்த வேண்டும்? இசை ‘இது சோகம்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடும். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு காதால் எழுதிவிடுவான்.

சறுக்கும் இடங்களும் உண்டு. ‘கேமரா மெல்ல நகர்ந்தது’, ‘பின்னணியில் சோக இசை ஒலித்தது’ என்று எழுதுவார்கள். பாத்திரத்தின் பெயரை விட்டு நடிகரின் பெயரைப் போடுவார்கள். முதல் வாரத்தில் எல்லா வகுப்பிலும் இது நடக்கும், பதற வேண்டாம். படம் தர முடியாத இரண்டு தகவல்களையாவது சேர்க்கச் சொல்லுங்கள்: நாணல் காலில் உரசினால் எப்படி இருக்கும்? அங்கே என்ன வாசம் வரும்? அத்தோடு கேமரா ஓடிவிடும். இன்னொன்று, அறையை முழு இருட்டாக்காதீர்கள். பின்வரிசை விளக்கு ஒன்று எரியட்டும். முழு இருட்டில் வகுப்பறை திரையரங்காகிவிடும். அப்புறம் விசிலைத்தான் எதிர்பார்க்கலாம்.

இதே படத்தில் ரசனைப் பயிற்சிக்கும் இடம் இருக்கிறது. நாவலில் துர்கா ரயிலைப் பார்க்காமலே இறந்துபோகிறாள். நோயில் கிடக்கும்போது தம்பியிடம் ரயிலைக் காட்டச் சொல்லிக் கேட்கிறாள். படத்தில் இருவரும் நாணலுக்குள் ரயிலை நோக்கி ஓடுகிறார்கள்; துர்கா இடறி விழ, அப்பு மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்க்கிறான். எந்த இழப்பு கனமானது? இருபது வரியில் வாதிடச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு நாவலின் அந்தப் பகுதி மாணவன் கையில் இருக்க வேண்டுமே! தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கிறது. பள்ளியில் இருக்கிறதா? இருந்தால் பூட்டிய அலமாரிக்கு வெளியே இருக்கிறதா?

இரண்டாவது, தொடக்கம். பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்த நாவல். பதினைந்து வயதுச் சிதம்பரம் கொலை செய்துவிட்டு ஓடுவதில் தொடங்குகிறது. காரணம் பிறகு மெல்ல வருகிறது. இதைத் தழுவி வெற்றிமாறன் எடுத்த ‘அசுரன்’ 2019இல் வந்தது. அதுவும் தப்பியோடும் தந்தையையும் மகனையும் காட்டித் தொடங்கிவிட்டுத்தான் பின்னோக்கிப் போகிறது. மாணவர் கதைகளோ பெரும்பாலும் காலையில் எழுந்து பல் துலக்குவதிலிருந்து தொடங்கும். அவன் எழுதிய கதையையே எடுத்து, முதல் பத்தியை மறைத்துவிட்டு வாசித்துக் காட்டுங்கள். பத்துக்கு எட்டுக் கதை மேலாகிவிடும். ‘அசுரன்’ வன்முறை மிகுந்த படம். பெரிய வகுப்புக்கும் தொடக்கத் துணுக்கு போதும். நாவலை முதலில் படிக்க வையுங்கள். படத்தை முதலில் காட்டினால் தந்தைக்கு நடிகரின் முகம் ஒட்டிக்கொள்ளும், பிறகு உரிக்க முடியாது. படிக்கும்போதே அந்தத் தந்தையின் தோற்றத்தை ஐந்து வரியில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டு, அப்புறம் அந்தத் துணுக்கைக் காட்டுங்கள்.

மூன்றாவது, யார் கண்வழி. ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘ரஷோமோன்’ படம், 1950. அதற்கு மூலமான அகுதாகவாவின் சிறுகதையில் ஒரு சாவைப் பற்றி ஏழு வாக்குமூலங்கள். எது உண்மை என்று கதை சொல்வதில்லை. ஒரே நிகழ்ச்சியை மூன்று பேர் சொல்வதுபோல மாணவனை எழுதச் சொல்லுங்கள். பயிற்சியில் என்ன கெடுகிறது என்றால், மூன்று பேர் சொன்னாலும் மூவரும் ஒரே குரலில் பேசுவார்கள். ஒருவர் பார்த்தார், ஆனால் காதில் விழவில்லை. ஒருவருக்குக் காதில் விழுந்தது, பார்க்கவில்லை. மூன்றாமவர் தாமதமாக வந்தார். இப்படி ஆளுக்கொரு குறையைக் கொடுங்கள், குரல் தானே பிரியும். இதற்கு மேல் விரிக்க நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். நூலகப் பாடவேளை! வாரத்துக்கு ஒன்றுதான் இருக்கிறது, அதையும் தேர்வு நெருங்கினால் கணக்கு விழுங்கும், நெருங்காவிட்டால் விளையாட்டு விழா ஒத்திகை விழுங்கும். படம் காட்டக் கருவி வாங்க எல்லோரும் தயார். நான்கு பேருக்கு ஒரு படி என்று புத்தகம் வாங்கி, திரையிடலுக்கு இரண்டு வாரம் முன்பே கையில் கொடுக்கத்தான் ஆளில்லை. புத்தகம் இல்லாமல் படம் மட்டும் காட்டினால் அது திரைச் சுரைக்காய். எழுதாமல் புத்தகம் மட்டும் கொடுத்தால் ஏட்டுச் சுரைக்காய். நூலகர் அம்மா இதற்காக எத்தனை விண்ணப்பம் எழுதியிருப்பார் என்று அவரைக் கேளுங்கள்.

நான்காவது, உரையாடல். மணி அடித்துவிட்டார்கள், இன்னொரு மேடையில் பார்ப்போம். நூலகப் பாடவேளையை வேறு பாடத்துக்குக் கொடுக்கக் கூடாது என்ற தீர்மானத் தாள் தூணுக்குப் பின்னால் நூலகர் அம்மாவிடம் இருக்கிறது. தலைமையாசிரியர்கள் முதலில் கையெழுத்திட்டால் மற்றவர்களுக்குத் தைரியம் வரும். பேனாவும் அவரிடமே இருக்கிறது. வணக்கம்.