ஜன்னல் இல்லாத அறை

(கடலூர் முதுநகரில் மீனவ இளைஞர்களிடையே பேசியது)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் மணலேறி நிற்கிற ஐ.என்.எஸ். குர்சுராவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதன் பூர்வீகத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சோவியத் நாட்டில் கட்டிய நீர்மூழ்கி. 1969 டிசம்பரில் நம் கடற்படையில் சேர்ந்து, 1971 போரின்போது அரபிக்கடலில் ரோந்து போனது. 2001-இல் ஓய்வு, மறு ஆண்டே கரையில் அருங்காட்சியகம். 91 மீட்டர் நீளம், 7 அறைகள், சுமார் 75 பேர்.

முதல் அறையில், தண்ணீருக்குள் பாய்ந்து போய் கப்பலைத் தாக்குகிற டார்பிடோக்களை ஏவும் குழாய்கள். எல்லோரும் அங்கேயே நின்று படம் எடுக்கிறார்கள், எடுக்கட்டும். என் மனசு நின்றது மூன்றாவது அறையில். அறைக்கு அறை ஒரு வட்டமான இரும்பு வழி. தலையைக் குனிந்து, ஒரு காலை முதலில் உள்ளே போட்டுத்தான் நுழைய வேண்டும். நுழைந்தால் சுவரே தெரியாது. அத்தனையும் வால்வுச் சக்கரங்கள், குழாய்கள், மானிகள். நடுவில் பெரிஸ்கோப், அதாவது முழுகியபடியே கடல்மட்டத்துக்கு மேலே பார்க்க உதவும் நீளக் குழாய். ஜன்னல் கிடையாது.

கப்பலை முழுக வைப்பதும் மேலே கொண்டுவருவதும் இங்கிருந்துதான். வெளிப்புறத் தொட்டிகளின் மேல் அடைப்பைத் திறந்தால் காற்று வெளியேறும், அடிவழியாகக் கடல்நீர் ஏறும், கப்பல் அமிழும். மேலே வரவேண்டுமென்றால் அழுத்தி அடைத்து வைத்த காற்றை அதே தொட்டிக்குள் விட்டு நீரை வெளியே தள்ள வேண்டும். சரி, இது புரிந்துவிடுகிறது. முழுகிய பிறகு ஒரே ஆழத்தில் நிறுத்தி வைப்பதுதான் பெரும்பாடு. மீன் பெட்டியை ஒரே பக்கம் அடுக்கினால் நம் படகு சாயுமே, அதே கதை. ஆட்கள் சிலர் முன்னறையிலிருந்து பின்னறைக்குப் போனால்கூட மூக்கு மேலே தூக்கும். உடனே தண்ணீரை முன்னும் பின்னும் மாற்றிச் சமன் செய்ய வேண்டும்.

இந்தக் கப்பல் 200 மீட்டருக்கும் கீழே போகக்கூடியது. இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம் என்கிற நம் கணக்கில் நூறு பாகத்துக்கு மேல். அந்த ஆழத்தில் சுண்டுவிரல் நகம் அளவு இடத்தில் ஏறக்குறைய 20 கிலோ பாரம் அழுத்தும். அங்கே ஒருவர் சொன்ன உத்தரவை மற்றவர் தப்பாகக் காதில் வாங்கினால் என்னாகும்? அதனால்தான் உத்தரவைக் கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கை வைப்பார். வலை வாங்கும்போது படகின் முன்பக்கம், அணியத்தில் நிற்பவர் குரல் கொடுக்க, டிரைவர் பதில் குரல் கொடுத்து எஞ்சினைக் குறைக்கிறாரே, அந்தப் பழக்கம்தான். நம் ஆட்களுக்கு வானமாவது தெரியும். அவர்களுக்கு மானியின் முள்ளும் பக்கத்து ஆளின் குரலும்தான்.

அப்புறம், காது. பெரிஸ்கோப் உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் கண்ணுக்கு வேலையில்லை. சோனார் பார்ப்பவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, தூரத்தில் சுற்றுகிற புரொப்பல்லர் சத்தத்தைப் பிரித்துக் கேட்பார். தண்ணீரில் ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் ஓடும், காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கு மேல். துடுப்பைக் கடலில் இறக்கி, பிடியில் காதை வைத்து, கீழே கத்தாழை மீன் கத்துவதைக் கேட்டதாக நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படிக் கேட்ட ஐயா யாராவது இந்தக் கூட்டத்தில் இருந்தால், தயவுசெய்து மேடைக்கு வாருங்கள். மிச்சத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.