கேட்டுக் கதைப்போம்

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, வாசிகசாலை முற்றத்தில் கூடியிருக்கும் சபையோரே, வணக்கம்.

இனத்தைப் பற்றி முகம் பார்த்துக் கதைப்பது உறவை வளர்க்கும் என்பது எங்கள் அணியின் வாதம். எதிரணித் தலைவர் "எல்லாரும் மனிதர்தானே, இனப் பேச்சை எடுக்காவிட்டால் சண்டை வராது" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் பிறப்புச் சான்றிதழில் பெற்றோரின் இனத்தைத் தலைமுறை தலைமுறையாக எழுதிவந்த நாடு எங்கள் இலங்கை. எழுதுவினைஞர் கேட்டார், சோதனைச் சாவடியில் நின்றவர் கேட்டார். அன்போடு கேட்கக்கூடிய அயலவர் மட்டும் வாய் திறக்கக் கூடாதா?

கேட்காமல் தீர்ப்புச் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் வரலாற்றிலேயே சாட்சி உண்டு. சட்டசபையில் சோனகருக்கு, அதாவது தமிழ் பேசும் இலங்கை முஸ்லிம்களுக்கு, தனிப் பிரதிநிதித்துவம் வேண்டுமா என்ற பேச்சு சூடாக இருந்த காலம். 1888-இல் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று கட்டுரை படித்தார். சோனகத் தலைவர் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907-இல் அதற்கு மறுப்பாக ஒரு நூலே எழுதினார். ஏறத்தாழ இருபது வருடம் கழித்தும் அந்தக் காயம் ஆறவில்லை. இராமநாதன் பெரிய படிப்பாளி. ஆனாலும் நீ யார் என்பதை உனக்கு நான் சொல்கிறேன் என்று தொடங்கும் பேச்சை யார்தான் பொறுப்பார்?

1990 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் சில மணித்தியாலங்களில் வெளியேற்றினார்கள். அவர்கள் வாழ்ந்த சோனகதெருவுக்குத் திரும்பி வந்தவர்கள் இன்று எங்களோடு சந்தையில் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் தானாக அந்த நாளைப் பற்றிக் கதைத்தால், முழுதாகக் கேளுங்கள். "81-இல் எங்கள் யாழ்ப்பாண நூலகத்தையும் எரித்தார்களே" என்று இடையில் விழாதீர்கள். அதுவும் உண்மைதான், பெரிய துயரம்தான். ஆனால் அந்த நேரம் அவருடையது. அவர் கதைக்க விரும்பவில்லையா, சரி, தேநீரைக் குடித்துவிட்டு வேறு விஷயம் கதையுங்கள். ஒரு தனி மனிதரை அவருடைய சமூகம் முழுவதற்கும் பதில் சொல்ல வைக்காதீர்கள்.

அப்புறம், 1977 வன்முறைக்குப் பிறகு மலையகத் தேயிலைத் தோட்டங்களை விட்டு வன்னியில் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் வந்து குடியேறியவர்கள். அரசாங்கக் கணக்கெடுப்பு அவர்களை இந்தியத் தமிழர் என்று எழுதியது. பலர் தங்களை மலையகத் தமிழர் என்கிறார்கள். வன்னியில் பிறந்த பிள்ளை தன்னை வேறு விதமாகவும் சொல்லலாம். எங்களில் சிலர் முதுகுக்குப் பின்னால் சொல்வதோ "தோட்டக்காட்டான்". முகத்துக்கு நேரே சொல்ல முடியாத அந்தச் சொல் இத்தனை காலம் உயிரோடு இருப்பதற்கு, எதிரணி புகழ்கிற இந்த மௌனமே காரணம்.

பிள்ளைகள் முன்னால் இந்தப் பேச்சு வேண்டாம் என்றும் சொன்னார்கள். விறாந்தையில் இருந்து நாங்கள் சொல்வதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதானே வளர்கிறார்கள்? நாளைக்கு அந்தப் பிள்ளை பல்கலைக்கழக விடுதியில் மலையகத்து ஹற்றன் பிள்ளையோடும் தெற்கே மாத்தறைச் சிங்களப் பிள்ளையோடும் ஒரே அறையில் இருக்கப் போகிறது. அங்கே எப்படிக் கேட்பது, எப்படிப் பதில் சொல்வது என்று அதற்கு யார் பழக்கியது? அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் இதற்குப் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.

நன்றி, வணக்கம்.