ஊரார் எழுதிய 2030

வணக்கம் நேயர்களே.

ஓர் ஊர் இன்னும் இருபது ஆண்டுகளில் எப்படி இருக்கும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? கொஞ்சம் நெடுஞ்சாலைத் துறை, கொஞ்சம் நகரமைப்பு அலுவலகம், மீதியை மனை போட்டு விற்பவர்கள். அங்கே குடியிருக்கிறவர்களுக்கோ முடிவெல்லாம் ஆன பிறகு, வேலை தொடங்கும் நாளில்தான் விஷயம் தெரிய வருகிறது. இந்த வரிசையை மாற்றிப் பார்த்த ஒரு சின்ன ஊரைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

ஊரின் பெயர் டாட்னஸ். இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் மாவட்டத்தில், டார்ட் ஆற்றின் கரையில் இருக்கிறது. மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் சுமார் 8,000. ஆற்றங்கரையிலிருந்து செங்குத்தாக ஏறும் ஒரு கடைத்தெரு, மேலே பழைய கோட்டை, சுற்றிலும் மேய்ச்சல் நிலம். நம் கணக்கில் ஒரு சிறிய பேரூராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பகுதிக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ரவீந்திரநாத் தாகூரோடு ஸ்ரீநிகேதனில் கிராமச் சீரமைப்பு வேலை செய்த லெனர்ட் எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர், ஊர் திரும்பியதும் மனைவி டாரதியோடு சேர்ந்து 1925-இல் டாட்னஸை ஒட்டியுள்ள டார்ட்டிங்டன் பண்ணையை வாங்கினார். வேளாண்மை, கைத்தொழில், கல்வி மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்து கிராமத்துக்கு உயிர் கொடுக்க முடியுமா என்று பல ஆண்டுகள் அங்கே முயன்று பார்த்தார்கள். பின்னாளில் அதே இடத்தில் ஷூமாக்கர் கல்லூரியைத் தொடங்கியவர்களில் ஒருவர், டெல்லியிலிருந்து அணு ஆயுதத்துக்கு எதிராக நடைப்பயணம் போன சதீஷ் குமார். ஆக, புதிதாக ஒன்றைச் சொல்ல வந்தவர்களை உட்காரவைத்துக் கேட்கும் பழக்கம் அந்த வட்டாரத்துக்கு ஏற்கெனவே இருந்தது.

ஆனால் நான் சொல்லப்போகும் கதை தொடங்கியது இங்கிலாந்தில் அல்ல, அயர்லாந்தில். அங்கே கின்சேல் என்ற கடலோர ஊரின் கல்லூரியில் ராப் ஹாப்கின்ஸ் என்பவர் இயற்கையோடு ஒட்டிய வேளாண்மையும் வாழ்க்கை முறையும் கற்பித்துக்கொண்டிருந்தார். மலிவான பெட்ரோலியம் என்றைக்கும் கிடைத்துக்கொண்டிருக்காது, அது குறையும்போது நம் ஊர் எப்படிச் சமாளிக்கும் என்ற கேள்வியை அவர் மாணவர்கள் முன் வைத்தார். 2005-இல் மாணவர்களும் அவரும் சேர்ந்து 2021 வரைக்கும் ஒரு செயல்திட்டத்தை எழுதினார்கள். உணவு, மின்சாரம், போக்குவரத்து, வீடு, கல்வி என்று ஒவ்வொன்றிலும் எந்த ஆண்டுக்குள் எதைச் செய்வது என்பது அதில் இருந்தது. மாணவர்கள் எழுதிய அந்தத் திட்டத்துக்கு ஊர் மன்றமே ஆதரவுத் தீர்மானம் போட்டது.

அப்புறம் ஹாப்கின்ஸ் டாட்னஸுக்குக் குடிவந்தார். திரையிடல்களும் கூட்டங்களுமாக ஊரைத் தயார் செய்துவிட்டு, 2006 செப்டம்பரில் ஊரின் பொது மண்டபத்தில் 'டிரான்சிஷன் டவுன் டாட்னஸ்' என்ற பெயரில் முறைப்படி தொடங்கினார்கள். எண்ணெயைச் சார்ந்த வாழ்க்கையிலிருந்து மெல்ல மாறிப்போகும் ஊர் என்பது பொருள். எண்ணெய் உற்பத்தி உச்சத்தைத் தொட்டுச் சரியப்போகிறது என்று அன்று அவர்கள் எதிர்பார்த்தது அப்படியே நடக்கவில்லை. அமெரிக்காவில் பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கும் முறை வந்து கணக்கை மாற்றிவிட்டது. ஆனால் எண்ணெயை விட்டு விலக வேண்டிய இன்னொரு காரணம், பருவநிலை மாற்றம், அன்றைவிட இன்று பெரிதாகத்தான் நிற்கிறது.

டாட்னஸ் மக்கள் 2010-இல் வெளியிட்ட திட்டம் ஒரு தடித்த நூல். ஊரும் சுற்றுக் கிராமங்களும் 2030-இல் எப்படி இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். அதை எழுதிய முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இன்றைய நிலையிலிருந்து ஓரோர் அடியாக முன்னே போகாமல், முதலில் 2030-இல் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அந்த ஆண்டின் ஒரு சாதாரண நாளில் காலை உணவு எங்கிருந்து வரும், பிள்ளைகள் பள்ளிக்கு எப்படிப் போவார்கள், கடைத்தெருவில் என்ன சத்தம் கேட்கும் என்று கதையாகவே எழுதிப் பார்த்தார்கள். பிறகு அங்கிருந்து பின்னோக்கி வந்தார்கள்: 2030-இல் இது வேண்டுமென்றால் 2025-இல் எது முடிந்திருக்க வேண்டும், அதற்கு 2015-இல் எது தொடங்கியிருக்க வேண்டும்?

சும்மா கற்பனை செய்யச் சொன்னால் மனிதர்கள் அந்தரத்தில் போய்விடுவார்கள். அதனால் இன்னொன்றும் செய்தார்கள். ஊரின் வயதானவர்களிடம் போய், எண்ணெய் இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்கு முன்னால் இந்த ஊர் எப்படிச் சாப்பிட்டது, எப்படிப் போய்வந்தது என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். இன்றைக்குக் கார்கள் நிற்கும் ஒரு பெரிய இடம் சில பத்தாண்டுகளுக்கு முன்பு வரை ஊருக்குக் காய்கறி கொடுத்த தோட்டம் என்பது அப்போதுதான் இளையவர்கள் பலருக்குத் தெரிந்தது. ஊருக்குள்ளேயே காய்கறி விளைவிக்க முடியும் என்பது கனவு என்றிருந்தது, அந்தக் கணத்திலேயே நினைவாகிவிட்டது. ஏற்கெனவே ஒருமுறை இருந்ததை மறுபடி கொண்டுவருவது பற்றிப் பேசும்போது ஊர்க்கூட்டத்தில் எதிர்ப்புக் குரலும் தணிகிறது. மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை நிற்கும் இடம் உலகனேரிக் கண்மாய் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டிய விஷயங்கள் இவை.

சரி, எழுதியாகிவிட்டது. நடந்தது என்ன?

நடந்தவற்றில் ஆழமானது என்று நான் நினைப்பது தெரு அளவில் நடந்த வேலை. பக்கத்துப் பக்கத்து வீடுகள் ஆறிலிருந்து பத்து வரை ஒரு குழுவாகச் சேர்வார்கள். மாறி மாறி ஒருவர் வீட்டில் கூடுவார்கள். கையில் ஒரு பயிற்சி நூல். ஒரு கூட்டத்தில் மின்சாரம், அடுத்ததில் தண்ணீர், பிறகு உணவு, குப்பை, பயணம். ஒவ்வொரு வீடும் தன் ரசீதுகளைப் பார்த்து எதைக் குறைக்கலாம் என்று தானே முடிவு செய்யும். அடுத்த கூட்டத்தில் செய்தோமா இல்லையா என்று சொல்லும். ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள் இப்படிச் சேர்ந்தன. ஒரு வீட்டுக்குச் சராசரியாக ஆண்டுக்கு சுமார் 570 பவுண்ட் மிச்சமானது, 1.3 டன் கார்பன் உமிழ்வு குறைந்தது என்று கணக்கிட்டார்கள். 2011-இல் இந்தத் திட்டத்துக்கு ஆஷ்டன் விருது கிடைத்தது.

ஆனால் பங்கேற்றவர்களிடம் உங்களுக்கு என்ன கிடைத்தது என்று பின்னர் ஆய்வாகக் கேட்டபோது, பெரும்பாலோர் முதலில் சொன்னது பணத்தையும் கார்பனையும் அல்ல. பக்கத்து வீட்டுக்காரர்களைத் தெரிந்துகொண்டோம் என்றார்கள். பல ஆண்டுகள் ஒரே தெருவில் இருந்தும் பெயர் தெரியாமல் இருந்தவர்கள் அவர்கள். மின்விளக்கை மாற்றுங்கள் என்று சுவரொட்டி சொன்னால் நாம் கடந்துபோய்விடுவோம். எதிர்வீட்டு அக்கா மாற்றிவிட்டு, இந்த மாத ரசீதைக் காட்டினால் நாமும் மாற்றுவோம். மனிதர்கள் அப்படித்தான். நிலைத்து நிற்கும் ஊர் என்று நாம் பேசுவதெல்லாம் கடைசியில் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வேறு வேலைகளும் நடந்தன. தோட்டம் வைத்துக்கொண்டு பராமரிக்க முடியாத முதியவர்களையும், பயிரிட ஆசை இருந்தும் நிலமில்லாத இளையவர்களையும் சேர்த்து வைத்தார்கள், விளைச்சல் இருவருக்கும். ஊரின் பொது இடங்களில் வாதுமை, அக்ரூட் போன்ற கொட்டை மரங்களை நட்டு, ஒவ்வொன்றையும் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தார்கள். 2007-இல் ஊர்க் கடைகளில் மட்டும் செல்லும் 'டாட்னஸ் பவுண்ட்' என்ற நோட்டை வெளியிட்டார்கள். ஊரில் ஈட்டிய பணம் ஊருக்குள்ளேயே சுற்ற வேண்டும் என்பது நோக்கம். மக்கள் ரொக்கத்தை விட்டு அட்டைக்கும் அலைபேசிக்கும் மாறிவிட்டதால் 2019-இல் அதை முடித்துக்கொண்டார்கள். பன்னிரண்டு ஆண்டு ஓடிய ஒரு முயற்சியை, காலம் மாறியதைப் பார்த்து ஊரறியச் சொல்லி நிறுத்துவது எனக்குத் தோல்வியாகப் படவில்லை.

2012-இல் ஒரு சோதனை வந்தது. காஸ்டா என்ற பெரிய காபிக் கடை நிறுவனம் டாட்னஸில் கிளை திறக்க அனுமதி வாங்கியது. ஊரில் ஏற்கெனவே உள்ளூர்க்காரர்கள் நடத்தும் காபிக் கடைகள் நாற்பதுக்கும் மேல். அந்தக் கிளை வேண்டாம் என்று ஊரே கையெழுத்துப் போட்டது. சட்டப்படி அனுமதி கையில் இருந்தும் அந்த நிறுவனம் அதே ஆண்டு அக்டோபரில் திட்டத்தைக் கைவிட்டது. தங்கள் கடைத்தெரு எப்படி இருக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் பேசி வைத்திருந்தவர்களுக்கு, எதற்காக வேண்டாம் என்கிறோம் என்பதைச் சொல்லச் சிரமமே இல்லை.

அடுத்த சோதனையில் அவர்கள் வெல்லவில்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பெரிய பால் தொழிற்சாலை ஒன்று 2007-இல் மூடப்பட்டது. சுமார் எட்டு ஏக்கர். ஊர்க்காரர்கள் அந்த இடத்துக்குத் தாங்களே திட்டம் போட்டார்கள்: உள்ளூர்ச் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் வீடுகள், முதியோர் வீடுகள், சிறுதொழில் கூடங்கள். ஊர் மக்களே கட்டுமானத் திட்டத்தை முன்வைத்து வாக்கெடுப்பில் அனுமதி பெற அந்த நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. 2016 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 86 விழுக்காட்டினர் ஆதரவு. இதைவிடத் தெளிவாக ஓர் ஊர் தன் விருப்பத்தைச் சொல்ல முடியாது. ஆனாலும் சில ஆண்டுகள் கழித்து, நிலத்துக்குச் சொந்தமான பால் நிறுவனம் அதை வேறொரு தனியார் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. ஊரின் திட்டம் தாளோடு நின்றுபோனது.

இதைப் படித்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. பத்தாண்டுக்கும் மேலான உழைப்பு அது. பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வியை எவ்வளவு பெரிய வாக்கெடுப்பும் தாண்டிப் போகாது என்பது அங்கே அப்பட்டமாகத் தெரிந்தது. நிலத்தைக் கூட்டுறவாகவோ அறக்கட்டளையாகவோ ஊர் பெயரில் முன்கூட்டியே வாங்கி வைக்க முடிந்த இடங்களில்தான் இப்படிப்பட்ட கனவுகள் கட்டடமாகியிருக்கின்றன. எதிர்காலத்தைப் பற்றிப் பேச உட்காரும் எந்த ஊரும், முதல் கூட்டத்திலேயே ஒரு நில வரைபடத்தை விரித்து, எது புறம்போக்கு, எது கோயில் நிலம், எது அரசு நிலம், எது விற்பனைக்கு வரக்கூடியது என்று பார்த்துவிட வேண்டும் என்பேன்.

இன்னொரு குறையும் சொல்லப்பட்டது, அது நியாயமானது. மாலையில் கூட்டத்துக்கு வர நேரமும் பேசிப் பழக்கமும் உள்ள நடுத்தர வகுப்பினரின் கனவாகவே இது இருந்துவிடுகிறது என்றார்கள். இரண்டு வேலை பார்க்கிறவர், வாடகை வீட்டில் இருக்கிறவர், துப்புரவுப் பணியாளர் இவர்கள் இல்லாமல் எழுதப்படும் 2030, ஊரில் பாதிப்பேருக்குத்தான் பொருந்தும். அவர்களுக்கு வசதியான நேரத்தில் அவர்கள் தெருவிலேயே போய்க் கூட்டம் போடுவது தவிர இதற்கு வேறு வழியில்லை.

டாட்னஸில் தொடங்கிய இந்த முறை இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில், ஒவ்வோர் ஊரும் தனக்கேற்றபடி மாற்றிக்கொண்டு நடந்து வருகிறது. அவர்கள் குறித்த 2030 இதோ நெருங்கிவிட்டது. எந்த ஆண்டுக்குள் எது என்று எழுதி வைத்ததால், எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்று வரிவரியாகச் சரிபார்க்க அவர்களால் முடியும். அந்தப் புத்தகத்தை அதே பொது மண்டபத்தில் ஊரார் முன் திறந்து கணக்குப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்க்கிறேன். அந்தக் கணக்கு வெளியானால், இதே நிகழ்ச்சியில் அதையும் உங்களுக்குச் சொல்ல ஆசை.

நன்றி, வணக்கம்.