கிறிஸ்துமஸ் அன்றைக்கே ஏன் கொலை?

பூட்டிய அறை மர்மங்களை, அதாவது உள்ளே பூட்டிய அறையில் கொலை நடக்கும் கதைகளைப் பற்றிப் போன வாரம் பேசினேன் இல்லையா, அதைப் பார்த்துவிட்டு ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "பழைய இங்கிலாந்துத் துப்பறியும் கதைகளில் கிறிஸ்துமஸுக்கு ஏன் கொலை விழுகிறது? பனியில் யாரும் வெளியே போக முடியாது என்பதாலா?" ரெண்டு நாளாக இதே நினைப்புதான் எனக்கு.

பனியும் உண்டு. 1937-ல் ஆங்கில எழுத்தாளர் ஃபார்ஜியன் எழுதிய 'மிஸ்டரி இன் ஒயிட்' நாவலில் ரயில் பனியில் மாட்டிக்கொள்ள, இறங்கி நடந்தவர்கள் ஒரு வீட்டுக்குள் நுழைகிறார்கள். ஆளே இல்லை, ஆனால் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிறது. அருமையான இடம்! ஆனால் என் பழைய பாட்டைத்தான் திரும்பப் பாடுவேன், கதவைப் பூட்டுவது பனி இல்லை, சொந்தபந்தம். அகதா கிறிஸ்டியின் 'ஹெர்குல் பொய்ரோஸ் கிறிஸ்துமஸ்' (1938) கதையில் கிழவர் சிமியோன் லீ பிள்ளைகளை எல்லாம் வரவழைக்கிறார். அப்பன் முகத்தில் விழிக்க விரும்பாதவனும் வந்துதான் ஆக வேண்டும், வந்து சிரிக்கவும் வேண்டும். எல்லாரும் அறைக்குள் வரும் நேரம் பார்த்து, உயிலை மாற்ற வேண்டும் என்று வக்கீலுக்கு போன் போடுகிறார் மனுஷன். அப்புறம் என்ன, அன்று இரவே கழுத்து அறுபடுகிறது. உன் கொலைகளில் ரத்தமே இல்லை என்று அக்கா கணவர் ஜேம்ஸ் குறைப்பட்டதால்தான் கிறிஸ்டி இதை எழுதி அவருக்கே சமர்ப்பித்தார். அந்த ஜேம்ஸின் குடும்ப வீடான ஆப்னி ஹாலில்தான் கிறிஸ்டி சிறுவயதில் கிறிஸ்துமஸ் கொண்டாடியிருக்கிறார்!

சரி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: கிறிஸ்டியின் இன்னொரு கதையில் புட்டிங்குக்குள் ஏன் மாணிக்கம்? அவர்கள் ஊரில் கிறிஸ்துமஸ் புட்டிங்கில் (உலர்பழம் போட்டு வேகவைக்கும் இனிப்பு, பிளம் புட்டிங் என்றும் சொல்வார்கள்) காசு, மோதிரம், பொத்தான் எல்லாம் போட்டு வேகவைப்பது வழக்கம். மோதிரம் வந்தால் கல்யாணம், ஆணுக்குப் பொத்தான் வந்தால் பிரம்மச்சாரி. ஆக, வாயில் ஏதாவது கடிபட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. 1960-ல் தொகுப்பாக வந்த 'கிறிஸ்துமஸ் புட்டிங்' கதையில், "பிளம் புட்டிங்கைச் சாப்பிடாதே" என்று துப்பறிவாளர் பொய்ரோவின் தலையணையில் மொட்டைக் கடிதம். சாப்பாட்டு மேஜையில் வீட்டுக்காரர் கர்னல் லேசி வாயில் சிவப்பாக ஏதோ அகப்பட, கண்ணாடித் துண்டு என்று கத்துகிறார். அது மாணிக்கம். திருடி ஒளித்த கும்பல் அதைப் புத்தாண்டுப் புட்டிங்கில்தான் வைத்திருந்தது. சமையலறையில் கிறிஸ்துமஸ் புட்டிங் கீழே விழுந்து வீணாகிவிட, சமையல்காரம்மா இதை எடுத்துப் பரிமாறிவிட்டார்.