கிணறு கெட்ட பிறகு வந்த சட்டம்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும் தம்பிகளே, பிள்ளைகளை மடியில் தூங்கப் போட்டுவிட்டு இந்நேரத்துக்கும் கேட்டுக்கொண்டிருக்கும் குடியாத்தம் மக்களே, எல்லாருக்கும் வணக்கம். செயற்கை நுண்ணறிவுக்கு மத்திய அரசு கடிவாளம் போட வேண்டுமா, அதன் போக்கில் ஓட விட வேண்டுமா என்பது தலைப்பு. போட வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி கம்ப்யூட்டர் படிக்கிறாராம். "அரசாங்கம் கை வைத்த எது உருப்பட்டது? குழந்தை இப்பத்தான் தவழுது, அதுக்குள்ள காலில் சங்கிலியா?" என்று கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும்தான் தட்டினேன், அழகாகப் பேசினார். ஆனால் தம்பி, இதே பேச்சை இந்தச் சீமை ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறது. அப்போது குழந்தைக்குப் பெயர் டேனரி, தோல் பதனிடும் ஆலை.

தோல் தொழில் டாலர் கொண்டு வருது, ஆயிரக்கணக்கான குடும்பத்துக்குச் சோறு போடுது, அதைத் தொந்தரவு பண்ணாதே என்றார்கள். சோறு போட்டது உண்மை. என் அப்பா பேர்ணாம்பட்டில் டேனரி வேலைக்குப் போய்த்தான் என்னைப் படிக்க வைத்தார். அதே காலத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றில் அம்மா இறைத்த தண்ணீரை ராத்திரி குடத்தில் வைத்தால் காலையில் மேலே ஆடை மாதிரி ஒன்று மிதக்கும், குடத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு பூசினது போல வெள்ளையாகப் படிந்திருக்கும், அந்தத் தண்ணீரில் சோறு வைத்தால் பழுப்பேறிவிடும். ஒரு நாள் அம்மா கயிற்றையும் வாளியையும் எடுத்துப் பரணில் போட்டுவிட்டார். ராட்டினம் இன்னும் இருக்கிறது, சுற்றினால் கிரீச்சென்று கத்தும்.

சட்டம் இல்லாமலா இருந்தது? தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-லேயே வந்துவிட்டது. ஆனாலும் 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தபோது, டேனரிப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழாகிவிட்டது என்று நீதிமன்றமே எழுதி வைத்தது. அந்தத் தீர்ப்பு சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இரண்டே விஷயம்தான். கெடுத்தவன் காசு கொடு. கெடுதல் இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பும் தொழில் நடத்துகிறவனுக்கே, கிணற்றுக்காரன் நிரூபிக்க வேண்டியதில்லை. இன்றைக்கு நாடு முழுக்கச் சட்டம் படிக்கிற பிள்ளைகள் வேலூர் வழக்கு, வேலூர் வழக்கு என்று மனப்பாடம் செய்கிறார்கள், நமக்கு அதில் பெருமைதான், என்ன, கிணறு திரும்பி வரவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். இழப்பைக் கணக்கிட்டு வசூலிக்க ஓர் ஆணையம் அமைக்கும்படி அந்த நீதிமன்றம் சொன்னது மத்திய அரசிடம்தான்.

என் வாதம் இவ்வளவுதான். அந்த இரண்டு விதியையும் செயற்கை நுண்ணறிவுக்கு, கிணறு கெடுவதற்கு முன்னால் போடுங்கள் என்கிறேன்.

"ஒரு மென்பொருள் யார் கிணற்றைக் கெடுத்துவிட்டது?" என்று தம்பி கேட்பார். எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் வேலை, விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டித்தான் வருவார். மகளிர் குழுவில் ஒரு தவணை தவறியதில்லை. மகள் கல்லூரிக்குப் போக ஸ்கூட்டி வாங்கலாம் என்று ஒரு நிதி நிறுவனத்தில் கடன் கேட்டார், துணைக்கு நானும் போனேன். அங்கிருந்த பையன் டேப்லெட்டில் என்னென்னவோ தட்டினான், சிவப்பாக ஒரு கட்டம் வந்தது. "ஏன் தம்பி?" என்றால் "தெரியலக்கா, சிஸ்டம் வேணாங்குது" என்கிறான். மேனேஜரிடம் போனோம். அவர் நல்ல மனிதர், திரையை எங்கள் பக்கம் திருப்பியே காட்டினார். தகுதி இல்லை என்று ஒரு வரி, கீழே வெற்றிடம். அவருக்கும் காரணம் தெரியவில்லை. அக்கா அந்த வெற்றிடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று என்னிடம் கேட்டார், நான் என்ன சொல்வது?

ஸ்கூட்டி போனால் போகட்டும், பஸ் இருக்கிறது. ரேஷன் அட்டை போனால்? தெலங்கானாவில் சமக்ர வேதிகா என்று ஒரு கணினி ஏற்பாடு, பல துறைப் பதிவுகளையும் கோத்துப் பார்த்து யார் ஏழை என்று சொல்லும். ரிக்‌ஷா ஓட்டியவரை அதே மாதிரிப் பெயருள்ள கார்க்காரரோடு சேர்த்துக் குழப்பி, அந்தக் குடும்பத்துக்கு ரேஷன் இல்லை என்றது. நேரில் போய்ப் பார்க்காமலே அட்டைகளை ரத்து செய்துவிட்டார்கள் என்று வழக்குப் போய், ரத்தான சுமார் 19 லட்சம் அட்டைகளை மறுபடி சரிபார்க்கும்படி 2022-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

"பாருங்க, அங்கே தப்புச் செய்ததே அரசுதானே" என்று எதிரணியில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. சரிதான். அதனால்தான் அரசையும் கட்டுகிற சட்டம் வேண்டும் என்கிறேன். 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், அரசு அமைப்புகளுக்கு விலக்குக் கொடுக்க மத்திய அரசுக்கே அதிகாரம் வைத்திருக்கிறார்கள். என் அணிக்கு இது சங்கடமான விஷயம், இருந்தாலும் மறைத்துப் பேச எனக்கு வராது.

அப்புறம் அந்த 2024 மார்ச் கதை. சரியாகச் சோதிக்காத செயற்கை நுண்ணறிவு மாடல்களை வெளியிட அரசு அனுமதி வேண்டும் என்று 1-ஆம் தேதி மத்திய அரசிடமிருந்து ஓர் அறிவுரை வந்தது, 15-ஆம் தேதி அனுமதி தேவையில்லை என்று மாற்றினார்கள். தம்பி இதைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். சிரிக்க வேண்டியதுதான், அது அவசரத்தில் கிண்டிய உப்புமா. உப்புமா கட்டியாகிவிட்டது என்று அடுப்பையே உடைத்துவிடுவீர்களா?

இப்போது என்ன நிலைமை? 2025 நவம்பரில் மத்திய அரசு செயற்கை நுண்ணறிவுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஏழு சூத்திரங்கள், நம்பிக்கை, நியாயம், பொறுப்பு என்று படிக்க நன்றாகவே இருக்கின்றன. கூடவே, தனிச் சட்டம் இப்போதைக்குத் தேவையில்லை, இருக்கிற சட்டங்கள் போதும் என்கிறார்கள். நம் வேலூரைப் பற்றிக் கிண்டலாகச் சொல்வார்களே, ஆறு இருக்கு தண்ணி இல்லை, கோட்டை இருக்கு ராஜா இல்லை, கோயில் இருக்கு சாமி இல்லை என்று. சாமி விஷயம் பழைய கதை, 1981-ல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். ஆனால் இந்த வழிகாட்டுதலைப் பார்த்தால் எனக்கு அந்தக் கோட்டைதான் ஞாபகம் வருகிறது. அகழி இருக்கிறது, மதில் இருக்கிறது, உள்ளே போய் முறையிடலாம் என்றால் ஆள் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்தினார்கள். அந்தச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1-ல் நடைமுறைக்கு வந்தது. விளையாட்டு ஆப், ஸ்பாம் வடிகட்டி இதையெல்லாம் அது கண்டுகொள்வதே இல்லை. கடன் கொடுக்கலாமா, வேலைக்கு எடுக்கலாமா என்று மனிதனை எடை போடுகிற மென்பொருள்தான் அதிக ஆபத்துப் பட்டியலில் வருகிறது, அங்கே காரணம் கேட்கிற உரிமை மனிதனுக்கு எழுதி வைத்திருக்கிறது. தடை செய்ததையே செய்தால் மூன்றரைக் கோடி யூரோ, அல்லது அந்த நிறுவனம் உலகம் முழுக்க ஈட்டும் வருமானத்தில் 7 சதவீதம், எது அதிகமோ அதுவரை அபராதம். அதிக ஆபத்துப் பகுதியைத் தள்ளிப்போடலாம் என்று 2025 நவம்பரில் அவர்களே முன்மொழிந்தார்கள் என்பதைத் தம்பி எழுந்து சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

மாநிலம் பார்த்துக்கொள்ளக் கூடாதா? தமிழ்நாடு 2020-லேயே செயற்கை நுண்ணறிவுக்குக் கொள்கை வெளியிட்டது, நல்ல காரியம். ஆனால் பாலாறு கர்நாடகத்தில் பிறந்து ஆந்திரா வழியாக நம்மிடம் வருகிற ஆறு, மேலே என்ன நடந்தாலும் நாம் இங்கே மணலைத்தான் பார்க்கிறோம். இந்த மென்பொருளும் எங்கேயோ ஊறி எங்கேயோ பாய்கிறது, மாவட்டக் கலெக்டரிடம் மனு கொடுத்துப் பிடிக்க முடியாது. அதோடு, 2024-ல் இந்தியா ஏஐ என்ற செயற்கை நுண்ணறிவுத் திட்டத்துக்கு ஏறக்குறைய 10,372 கோடி ரூபாய் ஒதுக்கியது மத்திய அரசு, அதாவது நம் வரிப்பணம். மாடு வாங்கக் காசு கொடுத்தவன், அது அடுத்தவன் வயலில் இறங்கினால் கேட்கக் கூடாதாமா?

நடுவர் ஐயா மணியைக் கையில் எடுத்துவிட்டார், முடித்துக்கொள்கிறேன். அந்த அக்கா இங்கேதான், மூன்றாவது வரிசையில் பச்சைப் புடவையில் உட்கார்ந்திருக்கிறார். அடுத்துப் பேச வருகிற எதிரணித் தம்பி வளர்ச்சியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும். ஆரம்பிப்பதற்கு முன்னால், அந்தக் கட்டம் ஏன் சிவப்பாச்சு என்று அந்த அக்கா நாளைக்குக் காலையில் யாரிடம் போய்க் கேட்க வேண்டும், அந்த ஆளின் பதவியையும் விலாசத்தையும் மட்டும் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள் தம்பி.