மெத்தடோனை எப்போது நிறுத்தலாம்? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். வந்திருக்கும் கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். மலேசியாவில் கிள்ளானிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய தம்பி பல வருடம் ஹெராயின் எடுத்தவர். இப்போது அரசு கிளினிக்கில், ஹெராயின் பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரும் மெத்தடோன் என்ற மருந்தைத் தினமும் குடிக்கிறார், வேலைக்கும் போகிறார். ஆனாலும் அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையைப் பிடித்துக்கொண்டான், ஆறு மாதம் எங்கேயாவது அடைத்துவைத்தால் சரியாகிவிடுவான்" என்கிறாராம். இந்த சிகிச்சை உண்மையிலேயே பலன் தருமா, மருந்தை எப்போது நிறுத்தலாம் என்று கேட்கிறார்.

பலன் தரும். தயங்காமல் சொல்கிறேன். 1960களின் நடுவில் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரண்டு மருத்துவர்கள் தொடங்கிவைத்த சிகிச்சை இது. மெத்தடோனையும், இதே சிகிச்சைக்குப் பயன்படும் இன்னொரு மருந்தான புப்ரெனார்ஃபினையும் உலக சுகாதார நிறுவனம் 2005-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. மலேசிய அரசு மெத்தடோன் திட்டத்தைத் தொடங்கியதும் அதே 2005-இல்தான். ஊசி மூலம் போதை எடுத்தவர்களிடையே எச்ஐவி கடுமையாகப் பரவியிருந்த காலம் அது.

சரி, அம்மாவின் பயத்துக்கு வருவோம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, அதனால் மறைக்காமல் பேசுகிறேன். மெத்தடோனும் அபின் வகை மருந்துதான். மூளையில் ஹெராயின் போய் ஒட்டும் அதே இடத்தில்தான் இதுவும் ஒட்டுகிறது. திடீரென்று நிறுத்தினால் உடம்பு தவிக்கும். ஆனால் வேலை செய்யும் விதம் வேறு. ஹெராயின் சட்டென்று ஏறும், சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அடுத்த வேளை கிடைக்காவிட்டால் உடம்பு வலி, வயிற்றுப்போக்கு, நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் வரிசையாக வரும். அதைத் தவிர்க்கத்தான் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை பணத்துக்கும் பொட்டலத்துக்கும் ஓடுகிறார்கள். வாயால் குடிக்கும் மெத்தடோன் மெதுவாக ஏறி, ஒரு நாள் முழுக்க ஒரே சீராக நிற்கும். அளவு சரியாக இருந்தால் கிறக்கமும் இருக்காது, தவிப்பும் இருக்காது. அதற்கு மேல் ஹெராயின் எடுத்தாலும் பழைய சுகம் பெரிதாகக் கிடைப்பதில்லை. உங்கள் தம்பி காலையில் எழுந்து வேலைக்குப் போக முடிகிறது என்றால் காரணம் இதுதான்.

அடைத்துவைப்பது பற்றிச் சொல்ல வெகுதூரம் போக வேண்டாம், மலேசியாவிலேயே பார்த்திருக்கிறார்கள். கட்டாயத் தடுப்பு மையங்களிலிருந்து வெளியே வந்தவர்களையும், தாமாக வந்து மெத்தடோன் பெறும் மையங்களில் இருந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2017-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. அடைக்கப்பட்டு வெளியே வந்தவர்களில் பாதிப் பேர் மறுபடி போதைக்குத் திரும்ப ஆன காலம் 31 நாள். மற்றவர்களில் பாதிப் பேர் திரும்ப 352 நாள் ஆனது.

ஏன் இப்படி? பல மாதம் உள்ளே இருந்தால் உடம்பு அந்தப் பொருளைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். ஆசை மட்டும் அப்படியே இருக்கும், அதனால்தான் திரும்பிப் போகிறார்கள். வெளியே வந்த ஆள் பழைய அளவையே எடுக்கிறார், மூச்சு நின்றுவிடுகிறது. "நல்லாத்தானே திரும்பி வந்தான்" என்று அழும் குடும்பங்களில் நடந்தது பெரும்பாலும் இதுதான்.

இதில் நான் எல்லாரிடமும் சொல்வது ஸ்வீடனில் நடந்த ஒரு சிறிய ஆய்வு. 2003-இல் லான்செட் இதழில் வந்தது. ஹெராயினுக்கு அடிமையான 40 பேர். 20 பேருக்கு ஒரு வருடம் தினமும் புப்ரெனார்ஃபின். மீதி 20 பேருக்கு அதே மருந்தை ஆறே நாளில் குறைத்து நிறுத்திவிட்டு, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. கவுன்சிலிங், குழுவாக உட்கார்ந்து பேசுவது எல்லாம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான். வருட முடிவில் மருந்து பெற்றவர்களில் 15 பேர் சிகிச்சையில் இருந்தார்கள். வெறும் மாத்திரை பெற்றவர்களில் ஒருவர்கூட இல்லை. அவர்களில் 4 பேர் இறந்தே போனார்கள். மருந்து பெற்ற பக்கத்தில் ஒரு சாவுகூட இல்லை. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். 'சீக்கிரம் நிறுத்திவிடு' என்று பிள்ளை மேல் உள்ள அன்பால்தான் சொல்கிறார், ஆனால் அந்த அவசரம் உயிரைக் கேட்கும் அவசரம்.

பெரிய அளவிலும் இதே கதைதான். பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். மெத்தடோன் எடுத்துக்கொண்டிருக்கும் 1,000 பேரை ஒரு வருடம் கவனித்தால் ஏறக்குறைய 11 பேர் இறக்கிறார்கள். சிகிச்சையை விட்டவர்களில் அது 36. அதிலும் விட்ட முதல் நான்கு வாரம்தான் மிக ஆபத்தான காலம்.

இதற்காக இது குறையே இல்லாத மருந்து என்று சொல்ல மாட்டேன். தொடங்கிய முதல் இரண்டு வாரம் கவனம் தேவை, மெத்தடோன் உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேர்ந்தால் மூச்சை அடக்கிவிடும். சிலருக்கு இதயத் துடிப்பில் மாற்றம் வரலாம், அதனால் ஈசிஜி எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். மலச்சிக்கல், வியர்வை பெரும்பாலும் இருக்கும். இன்னொன்று, சியாபு எனப்படும் மெத்தாம்பெட்டமின் என்ற போதைப்பொருளுக்கு இது வேலை செய்யாது. தம்பி அதையும் தொட்டிருந்தால் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

அப்புறம் அளவு. வழக்கமாக ஒரு நாளைக்கு 60 முதல் 120 மில்லிகிராம் வரை தேவைப்படும். "முடிந்தவரை குறைவாகக் கொடுங்கள்" என்று வீட்டார் கெஞ்சுவதும், நோயாளியே வெட்கப்பட்டுக் குறைவாகக் கேட்பதும் அடிக்கடி நடக்கிறது. குறைந்த அளவில் தவிப்பு அடங்காது. சாயங்காலமே பழைய இடத்துக்குக் கால் போய்விடும். பழி மருந்தின் மேல் விழும்.

எப்போது நிறுத்தலாம்? இதற்கு நான் தேதி சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. சிலருக்குச் சில வருடம், சிலருக்கு ஆயுள் முழுக்க. வேலை, வீடு, தூக்கம், பழகும் ஆட்கள் எல்லாம் நிலைத்து, தம்பியே விரும்பிக் கேட்டால், டாக்டரோடு சேர்ந்து பல மாதம் எடுத்துச் சிறுகச் சிறுகக் குறைக்கலாம். நடுவில் ஆசை தலைதூக்கினால் அளவை மறுபடி ஏற்றிக்கொள்ளட்டும், அதில் தோல்வி என்று எதுவும் இல்லை. குடும்பம் நெருக்கியதால் நிறுத்துவதுதான் வேண்டாம்.

சகோதரி, அடுத்த முறை கிளினிக்குக்கு அம்மாவையும் அழைத்துப் போய் டாக்டரோடு பேசவையுங்கள். தொடர்ந்து மூன்று நாள் மருந்து தவறினால் பழைய அளவைத் தானாகக் குடிக்க விடாதீர்கள், முதலில் கிளினிக்குக்குப் போய் அளவைச் சரிபார்க்கட்டும். வீட்டுக்கு மருந்து கொடுத்தனுப்பும் நிலை வந்தால் பூட்டிய பெட்டியில் வையுங்கள். ஒரு பெரியவர் தினமும் குடிக்கும் அளவு ஒரு குழந்தையின் உயிரை எடுத்துவிடும்.