என் எடிட்டிங் டூலுக்கு ஏஜென்ட் படிக்கிற டாக்குமென்ட் | குன்னூரிலிருந்து

வணக்கம் நண்பர்களே. குன்னூரில் காலையிலிருந்து பனிமூட்டம். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. போன கரன்ட் இப்போதுதான் வந்தது. வெளியில் ஷூட் போக வழியில்லை, அதனால் இரண்டு வாரமாக நான் எழுதிக்கொண்டிருக்கும் ஒன்றைக் காட்டுகிறேன்.

என் வீடியோக்களை வெட்ட நானே ஒரு சின்ன டூல் எழுதி வைத்திருக்கிறேன், பழைய ஆட்களுக்குத் தெரியும். உள்ளே வேலை செய்வது எஃப்எஃப்எம்பெக் என்கிற வீடியோ சாஃப்ட்வேர். ஃபாப்ரிஸ் பெல்லார் 2000-இல் ஆரம்பித்தது, இன்றைக்கும் இலவசம். பேச்சுக்கு நடுவே வரும் இடைவெளியை வெட்டும், கிளிப்புகளைச் சேர்க்கும், சத்தத்தைச் சமப்படுத்தும். போன மாதம் இதை ஒரு ஏஐ ஏஜென்டிடம் ஒப்படைத்தேன். "இந்த ஃபோல்டரை எடிட் செய்து வை" என்றால் போதும், டூலை எப்படி ஓட்டுவது என்று நான் எழுதி வைத்த டாக்குமென்டைப் படித்துவிட்டு அதுவே கமாண்டுகளை ஓட்டும்.

முதலில் கொடுத்தது ரன்னிமேட்டில் எடுத்த மலை ரயில் வீடியோ. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை, 12 அடிக்கு 1 அடி ஏற்றம். நீராவி இன்ஜின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும். வண்டி கண்ணில் படுவதற்கு ரொம்ப முன்னாடியே சத்தம் வந்துவிடும். கேமராவை ஸ்டாண்டில் வைத்துவிட்டு நான்கு நிமிடம் அசையாமல் நின்றேன். முதலில் ஒரு குருவி. அப்புறம் பள்ளத்துக்குள் எங்கேயோ மெல்லிசாக 'புசு புசு'. அது கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வருகிறது. எனக்கு அந்த நான்கு நிமிடம்தான் வீடியோவே.

ஏஜென்ட் கொடுத்ததில் முதல் நொடியிலேயே வண்டி எதிரே வந்து விசில் அடித்தது. நான்கு நிமிடத்தையும் காணோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் தப்பு என்னுடையது. எஃப்எஃப்எம்பெக்கில் மௌனத்தைக் கண்டுபிடிக்கும் ஃபில்டரை எதுவும் மாற்றாமல் விட்டால், சத்தம் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே 2 நொடி இருந்தால்தான் அதை மௌனம் என்று எடுத்துக்கொள்ளும். இங்கே வீசுகிற காற்றில் என் மைக்குக்கு அவ்வளவு அமைதி கிடைப்பதில்லை. அதனால் மைனஸ் 30, அரை நொடி என்று மாற்றி வைத்திருந்தேன். மைக் முன்னால் உட்கார்ந்து பேசினால் அது சரி. குருவியும் தூரத்து ரயிலும் அந்த அளவுக்குக் கீழே போய்விட்டன. டாக்குமென்டில் நான் எழுதியிருந்தது ஒரே வரி: "தேவையில்லாத மௌனத்தை நீக்கும்." எது தேவையில்லாதது என்பது என் தலைக்குள் மட்டும் இருந்தது, ஏஜென்ட் அதை எங்கே போய்ப் படிக்கும்?

இப்போது எழுதியிருப்பதைப் படிக்கிறேன், கேளுங்கள். "மௌன வெட்டு: மைக்கில் பேசிய கிளிப்புக்கு மட்டும். ரயில், காடு, மழை, சமையல் கிளிப்புகளில் ஓட்டாதே. கிளிப்பில் கால் பங்குக்கு மேல் போகும் என்று தெரிந்தால் நிறுத்தி என்னைக் கேள்." இந்த மூன்று வரிக்கு ஒரு நாள் ஆனது.

அடுத்தது அலகு. பழைய டாக்குமென்டில் "தொடக்கம் 90" என்று ஒரு உதாரணம். 90 நொடியா, 90 ஃபிரேமா (வீடியோவின் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம்)? நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 90 ஃபிரேம் வெறும் 3.6 நொடி. இப்போது ஆப்ஷனின் பெயரிலேயே நொடி என்று சேர்த்துவிட்டேன்.

கீஃபிரேம் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வீடியோ ஃபைலில் எல்லா ஃபிரேமும் முழுப் படமாக இருக்காது. நடுநடுவே ஒரு முழுப் படம், மற்றவற்றில் என்ன மாறியது என்கிற குறிப்பு மட்டும். அந்த முழுப் படம்தான் கீஃபிரேம். மறுபடி என்கோட் செய்யாமல், அதாவது வீடியோவைப் புதிதாகச் சுருக்கி எழுதாமல், அப்படியே நகலெடுத்து வெட்டினால் நாம் கேட்ட இடத்தில் வெட்டு விழாது, கீஃபிரேம் இருக்கும் இடத்துக்கு நகர்ந்துவிடும். வீடியோவைச் சுருக்கி எழுதும் எக்ஸ்264 என்கோடரை அதன் போக்கில் விட்டால் இரண்டு கீஃபிரேமுக்கு நடுவே 250 ஃபிரேம் வரை போகலாம், 25 ஃபிரேம் கணக்கில் அது 10 நொடி. கமாண்ட் வெற்றி என்றுதான் சொல்லும், ஏஜென்டும் நம்பிவிடும். அதனால் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும், எஃப்எஃப்எம்பெக்கோடு வரும், ஃபைலின் விவரங்களைச் சொல்லும் எஃப்எஃப்புரோபை ஓட்டி, கேட்ட நீளமும் வந்த நீளமும் ஒன்றா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஏஜென்டுக்கு டாக்குமென்ட் எழுதுகிறவர்கள் தயவுசெய்து இதை விடாதீர்கள். 'முடிந்தது' என்றால் எதைப் பார்த்து முடிந்தது என்று எழுதுங்கள்.

இன்னொன்று, அதே பெயரில் ஃபைல் இருந்தால் எஃப்எஃப்எம்பெக் 'மேலெழுதவா?' என்று கேட்டு நின்றுவிடும். ஒரு ராத்திரி முழுக்க என் ஏஜென்ட் அப்படியே நின்றது. இப்போது டூல் கேட்காது, பிழை சொல்லி வெளியே வந்துவிடும்.

மொத்தமே இரண்டு பக்கம்தான். எல்லா ஆப்ஷனையும் கொட்டி நாற்பது பக்கம் எழுதினால் முக்கியமான வரி அதில் புதைந்துவிடும் என்பது என் எண்ணம்.

சரி, அதே ரன்னிமேடு ஃபோல்டரை இப்போது மறுபடி கொடுக்கிறேன். ஓடுகிறது. இதோ, ஸ்கிரீனைப் பாருங்கள்: "இரண்டாவது கிளிப்பில் பேச்சு இல்லை. மௌன வெட்டை ஓட்டவில்லை. வெட்டாமல் அப்படியே சேர்க்கட்டுமா?"

சேர்.